கடையில் பார்த்த நீலம் வாசலில் ஏன் ஊதா அடிக்கிறது?

கேள்வி இதுதான். அக்கா மகள் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்திருக்கிறீர்கள். புடவையைக் கையோடு மேட்சிங் சென்டருக்குக் கொண்டுபோய் நீலத்தில் ரவிக்கைத் துணியும் வாங்கியாயிற்று. கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. மறுநாள் காலை வாசலில் விரித்துப் பார்த்தால் ரவிக்கை ஊதா அடிக்கிறது, புடவை பச்சை அடிக்கிறது. போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினால் அதில் இரண்டும் வேறு ஏதோ நிறம். "துணியை மாற்றிக் கட்டிவிட்டார்களா? ஒரு பொருள் தன் நிறத்தைத்தானே எதிரொளிக்கும் என்று படித்தோம், அது எப்படி இடத்துக்கு இடம் மாறும்?" என்று கேட்கிறீர்கள்.

துணியை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் 22 வருடம் ஷேட் பார்த்தவன். இதே கேள்வியை யாராவது ஒரு பார்ட்டி கேட்காத வாரம் எங்களுக்குக் கிடையாது. அவர்கள் கொஞ்சம் சூடாகக் கேட்பார்கள், அவ்வளவுதான்.

பள்ளியில் படித்தது தப்பில்லை, பாதிதான். "சிவப்புத் துணி சிவப்பை எதிரொளித்து மற்றதை உறிஞ்சுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தத் துணிமேல் விழுகிற வெளிச்சத்தில் என்னென்ன இருந்தது என்று அதில் பேச்சே இல்லை. ஒளி துணியின் மேல்தோலில் பட்டே திரும்பியதா, உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வந்ததா என்றும் இல்லை. உங்கள் புடவை விவகாரம் முழுக்க அந்த விட்டுப்போன பாதியில்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குடம் இருந்தால் ஜன்னல் ஓரம் வையுங்கள். குடத்தின் வயிறு சிவப்பு. ஆனால் அதில் ஜன்னல் தெரிகிற இடம் ஒன்று பளிச்சென்று இருக்குமே, அது என்ன நிறம்? வெள்ளை. குடத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் தேய்த்த பித்தளைச் சொம்பை வையுங்கள். இப்போது பளிச்சிடும் இடமும் மஞ்சள்தான். இந்த இரண்டு பளபளப்புக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பிளாஸ்டிக், பெயிண்ட், மரம், இலை, துணி இவற்றின் மேல் விழும் ஒளி இரண்டு பங்காகப் பிரிகிறது. நேராக விழுந்தால் 100-க்கு ஏறக்குறைய 4 பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அந்த 4 பங்கு நிறம் பார்ப்பதில்லை. விளக்கு வெள்ளையென்றால் அதுவும் வெள்ளை, விளக்கு மஞ்சளென்றால் அதுவும் மஞ்சள். சாயத்தை அது சந்திக்கவே இல்லை. மீதி 96 பங்கு உள்ளே நுழைகிறது. இழைக்கு இழை தாவி, முட்டி, சிதறி, வழியிலிருக்கும் சாய மூலக்கூறுகளிடம் சில அலைநீளங்களைப் பறிகொடுத்துவிட்டு, மிச்சம் எல்லாப் பக்கமும் வெளியே வருகிறது. நாம் "இந்தத் துணியின் நிறம்" என்று சொல்வது இப்படி உள்ளே போய்த் திரும்பி வந்த ஒளியை.

உலோகத்துக்கு இந்த 'உள்ளே' கிடையாது. அதன் எலெக்ட்ரான்கள் ஒளியை வாசலிலேயே மடக்கித் திருப்பிவிடுகின்றன. வெள்ளி கண்ணுக்குத் தெரியும் எல்லா அலைநீளங்களையும் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பும். தங்கம் நீலத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பும். அதனால் தங்கத்தில் பளபளப்புக்கே நிறம் உண்டு. மஞ்சள் பெயிண்டை எவ்வளவு மினுக்கினாலும் தங்கம் மாதிரி ஆகாததற்குக் காரணம், பெயிண்டில் மினுங்குவது வெறும் வெள்ளை. உங்கள் புடவையில் அசல் ஜரிகை என்றால் நடுவே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி இழை, மேலே தங்க முலாம். ஒரே புடவையில் உடல் ஒரு விதமாகவும் பார்டர் முற்றிலும் வேறு விதமாகவும் ஒளியைத் திருப்பிக்கொண்டிருக்கின்றன.

அந்த 4 பங்கு எப்போதும் 4-ஆகவே இருப்பதில்லை. சாய்வாகப் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போகும். வீட்டு ஹாலில் காலடியில் இருக்கும் கிரானைட் தன் நிறத்தில் கிடக்கும். ஹாலின் அந்தக் கோடியில் அதே கிரானைட் டியூப் லைட்டைக் கண்ணாடி போலக் காட்டும். புடவையை மேஜையில் விரித்துப் போட்டு, முகத்தைத் தாழ்த்திக் கிட்டத்தட்ட மேஜை மட்டத்தில் வைத்துப் பாருங்கள், அழுத்தமான நீலமே வெளுத்துவிடும். சாயம் எங்கும் போய்விடவில்லை, மேற்பரப்பின் வெள்ளை அதை மூடிக்கொண்டது.

இதை உலகத்துக்கே செய்து காட்டியவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். 1921-இல் இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் மனதைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்பது அன்று ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு சொல்லி எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த விளக்கம். ராமன் கையில் ஒரு நிகோல் பட்டகம் இருந்தது, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் படிகம் அது. தண்ணீரின் மேல் ஏறக்குறைய 53 பாகைச் சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் மட்டும் அதிரும். பட்டகத்தைச் சரியான கோணத்தில் திருப்பினால் அந்த ஒளி கண்ணுக்கு வராமல் நின்றுபோகும். அப்படி வானத்தின் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். கடலின் நீலம் போய்விடவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது என்று அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதைப் பற்றி அவர் தொடங்கிய அந்த வேலைதான் 1930-இன் நோபலில் போய் முடிந்தது. தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதற்கும் கடல் நீலத்தில் பெரிய பங்கு உண்டு என்பது இன்று தெரிந்த விஷயம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பட்டகத்தைத் திருப்பிய கைதான். நீங்களும் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பட்டுப்புடவையைச் சாய்வாகப் பார்த்தால் அதே சோதனைதான். மேல் மினுக்கு அடங்கி, நிறம் ஒரு படி கூடும்.

ஈரத் துணி கறுத்துத் தெரிவதும் இந்தக் குடும்பம்தான். காய்ந்த துணியில் இழைக்கும் காற்றுக்கும் இடையே ஒளிவிலகல் எண்ணில் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்) பெரிய வித்தியாசம் இருப்பதால் ஒளி ஒவ்வொரு இழையிலும் பலமாகச் சிதறி, சீக்கிரம் வெளியே வந்துவிடும். இழை இடுக்கில் தண்ணீர் புகுந்ததும் அந்த வித்தியாசம் குறைகிறது. ஒளி அதிகம் திசை மாறாமல் ஆழத்துக்குப் போகிறது, வழியில் அதிகச் சாயத்தைச் சந்திக்கிறது, அதிகம் பறிகொடுக்கிறது. லேபுக்குப் புதிதாக வரும் பையன்கள் முதல் மாதம் செய்யும் தப்பு இதுதான். சாம்பிளை அரைகுறையாகக் காயவைத்துவிட்டு, "ஷேட் டார்க்கா வந்திருக்குண்ணா" என்று ஓடி வருவார்கள். அயர்ன் பாக்ஸ் சூடு ஆறுவதற்குள் பார்த்தாலும் சில சாயங்கள் ஏமாற்றும். ஆறவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கொசுவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மடிப்பின் உள்பக்கம் நிறம் அடர்த்தியாக இருக்கும். நிழல் மட்டும் காரணமில்லை. ஒரு துணி சிவப்பில் 80 பங்கும் நீலத்தில் 20 பங்கும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பட்டு வந்தால் சிவப்பு நீலத்தைப் போல 4 மடங்கு. மடிப்புக்குள் ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவரிலும் பட்டு வந்தால் சிவப்பு 64, நீலம் 4. இப்போது 16 மடங்கு! ஒளி குறைந்தது, நிறம் கூடியது. பட்டு கட்டினால் வரும் அந்தக் 'கனம்' பாதி இந்தப் பெருக்கல் கணக்கில்தான் வருகிறது. தட்டையாக மடித்து அட்டையில் வைத்த புடவையைப் பார்த்துவிட்டு, கட்டினால் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். கடைக்காரர் தோளில் போட்டு மடிப்பு வைத்துக் காட்டுவது வெறும் வியாபாரத் தந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி விளக்குக்கு வருவோம். உங்கள் ரவிக்கை மாட்டிக்கொண்டது இங்கேதான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமாராக 400-லிருந்து 700 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை நீள்கிறது, ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. வெயிலில் இந்த வரிசை முழுக்க, இடைவெளி இல்லாமல் இருக்கிறது. பழைய குண்டு பல்பிலும் முழுக்க உண்டு, நீலப் பக்கம் சோனியாகவும் சிவப்புப் பக்கம் கொழுத்தும். கடைகளில் நிறைய ஓடிய டியூப் லைட் வகை ஒன்றில் ஒளி மூன்று இடங்களில் குவிந்திருக்கும். நீலத்தில் ஒரு குவியல், பச்சையில் 545-ஐ ஒட்டி ஒன்று, சிவப்பில் 611-ஐ ஒட்டி ஒன்று. நடுவில் பள்ளம். இன்றைய சாதாரண எல்இடி விளக்கில் 450-ஐ ஒட்டி நீலம் கூராக எழும்பி, பிறகு ஒரு சரிவு, அப்புறம் மஞ்சள் பக்கம் அகலமான மேடு. 650-ஐத் தாண்டிய ஆழ்ந்த சிவப்பு அதில் கொஞ்சம்தான். ஆனால் இவை எல்லாமே கண்ணுக்கு வெள்ளை விளக்குகள்!

எப்படி? எங்கள் லேபில் இருந்த ஸ்பெக்ட்ரோ மிஷின் ஒரு துணி எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று 400-லிருந்து 700 வரை 10 நானோமீட்டருக்கு ஒருமுறை அளந்து 31 எண்கள் கொடுக்கும். நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்றே வகை. 31 எண்களை மூன்று எண்களாகச் சுருக்கி மூளைக்கு அனுப்புகிறது கண். அவ்வளவு சுருக்கும்போது வேறு வேறு 31 எண்கள் ஒரே மூன்றாகக் குறுகத்தான் செய்யும். உங்கள் போன் திரையில் தெரியும் எலுமிச்சைப் பழத்தில் மஞ்சள் ஒளி என்று தனியாக எதுவும் இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுகின்றன. நிஜப் பழம் வேறு விதமான கலவை. கண்ணுக்கு இரண்டும் மஞ்சள்.

சாயத்தில் இதுதான் வம்பு. பட்டுக்குப் போடும் சாயம் வேறு, பருத்திக்குப் போடும் சாயம் வேறு, பாலியெஸ்டருக்கு இன்னொன்று. வேறு வேறு மூலக்கூறுகளைக் கலந்து ஒரே நிறத்தைக் கொண்டுவருகிறோம். ஒரு விளக்கின் கீழ் அந்த மூன்று எண்களும் ஒத்துப்போகும்படி கலக்கலாம். விளக்கு மாறினால் இரண்டு துணியும் வேறு வேறு மூன்று எண்களைக் கொடுக்கும். எங்கள் தொழிலில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பட்டறையில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள், "மெட்டா அடிக்குது" என்பார்கள்.

நானே ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். நேவி ப்ளூ காலர் டி-ஷர்ட் ஆர்டர். உடல் துணி எங்களிடம், காலர் ரிப் வேறு ஒரு பட்டறையில் சாயம் போட்டது. காலர் சாம்பிள் வந்ததும் பகல் வெளிச்ச விளக்கில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசல். அவசரம், மற்ற விளக்குகளைப் போடாமல் ஓகே எழுதிவிட்டேன். தைத்து முடித்துப் பெட்டி கட்டும் நேரத்தில் ஆர்டர் கொடுத்த பையரின் (வாங்குகிற கம்பெனி) ஆள் வந்து லைட் பாக்ஸில் வைத்து, கடை விளக்குப் பொத்தானை அழுத்தினார். உடல் நீலமாகவே நின்றது. காலர் மட்டும் மெல்லச் சிவந்து கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது. அவர் எதுவும் பேசவில்லை, பொத்தானை மாற்றி மாற்றி நாலு தடவை அழுத்திக் காட்டினார். நீலம், கத்திரிக்காய், நீலம், கத்திரிக்காய். இன்றும் கத்திரிக்காய் நறுக்கும்போது அந்தப் பெட்டிகள் ஞாபகம் வரும்.

லைட் பாக்ஸ் என்பது சாம்பல் பெயிண்ட் அடித்த ஒரு சின்னப் பெட்டி அறை. உள்ளே பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, வீட்டுக் குண்டு பல்புக்கு ஒன்று, புற ஊதாவுக்கு ஒன்று என்று விளக்குகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துணியும் ஒத்துப்போனால்தான் பாஸ். மிஷின் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கின் அடித்தளம் 1931-இல் உலகம் ஏற்றுக்கொண்ட 'சராசரிக் கண்'. அதற்கு அளவு கொடுத்தவர்கள் இங்கிலாந்தில் இரண்டு ஆய்வுகளில் உட்கார்ந்த 17 பேர்! அந்தப் பதினேழு ஜோடிக் கண்களை வைத்துத்தான் திருப்பூரில் டி-ஷர்ட் பாஸாகிறது, ஃபெயிலாகிறது. நிஜக் கண்கள் ஆளுக்கு ஆள் மாறும். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் படிந்து நீலத்தைக் கொஞ்சம் தடுக்கும். எங்கள் பட்டறையில் மூத்த மாஸ்டருக்கும் பையன்களுக்கும் சண்டை வருவது பெரும்பாலும் நீலத்தில்தான்.

உங்கள் ரவிக்கை ஏன் குறிப்பாக ஊதா பக்கம் போனது? நீலச் சாயங்களில் பல, பச்சைக்கு மேல் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வரை நன்றாக உறிஞ்சும். 650, 680-ஐத் தாண்டியதும் உறிஞ்சுவது சட்டென்று குறைந்து, ஆழ்ந்த சிவப்பைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும். நீலத்துக்குப் பின்னால் ஒரு சிவப்பு வால் மாதிரி. கடை எல்இடியில் அந்த ஆழ்ந்த சிவப்பே சொற்பம் என்பதால் வால் தெரியாது. வெயிலில் அது தாராளமாக இருக்கிறது. வால் வெளியே வருகிறது, நீலத்தோடு சேர்ந்து ஊதாவாகிறது. உங்கள் புடவைப் பட்டின் சாயத்துக்கு அவ்வளவு நீளமான வால் இல்லை. சந்தேகமாக இருந்தால் பூஜையறையில் அகல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். தீபத்தில் சிவப்பு அதிகம், ரவிக்கை வெயிலில் காட்டியதைவிட அதிகமாகச் சிவக்கும்.

சிவப்பது என்றதும் சமையலறை ஞாபகம் வருகிறது. சட்டையில் சாம்பார்க் கறை பட்டு, சோப்பு போட்டதும் சிவக்குமே, ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்குமே, அங்கே நடப்பது உண்மையான நிற மாற்றம். மஞ்சளிலுள்ள குர்க்குமின் சாதாரணமாக 420-ஐ ஒட்டிய ஊதா நீலத்தை உறிஞ்சும், மிச்சம் மஞ்சள். காரம் பட்டதும் மூலக்கூறின் அமைப்பு மாறி, உறிஞ்சும் இடம் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து பச்சையையும் தின்னத் தொடங்குகிறது. மிச்சம் சிவப்பு. சாயமே மாறுவது அது. உங்கள் ரவிக்கையில் சாயம் அப்படியே இருக்கிறது, விளக்குதான் மாறியது. மறுபடி கடைக்குள் கொண்டுபோனால் மறுபடி ஒத்துப்போகும். கடைக்காரரிடம் சண்டை போட்டால் தோற்பீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

புடவை பச்சை அடித்ததற்குக் காரணம் வேறு. மயில் கழுத்து என்பது ஒரு நிறமே இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறம். பெரும்பாலும் நீலமும் பச்சையும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கண்ணால் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துப் பார்க்க முடியாது. பட்டு இழைகள் அதைவிட நெருக்கம் என்பதால் இரண்டும் குழைந்து ஒன்றாகத் தெரிகின்றன. பருத்தியில் இப்படி நெய்தால் கலவை நிறம் வரும், ஆனால் அந்த அசைவு வராது. பட்டு இழை வழவழப்பானது, குறுக்கே வெட்டினால் கிட்டத்தட்ட முக்கோணம். உள்ளே புகுந்த ஒளி இழையின் பின்சுவரில் பட்டு, சாயத்தின் நிறத்தை ஏற்றிக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பும். பாவின் மினுக்கு ஒரு பக்கம் போனால், அதற்குக் குறுக்கே கிடக்கும் ஊடையின் மினுக்கு வேறு பக்கம் போகும். ஒரு புறம் சாய்த்தால் நீலம் உங்கள் கண்ணில் விழுகிறது, இன்னொரு புறம் சாய்த்தால் பச்சை. மேலே நாலு பக்கமும் விளக்கு எரியும் கடையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து நீலப்பச்சையாக நிற்கும். காலை வெயில் ஒரே பக்கமிருந்து சாய்வாக வந்தது, அதனால் ஒன்று மற்றதை அமுக்கிவிட்டது. புடவையை 90 பாகை திருப்பிப் போட்டுப் பாருங்கள், நீலம் திரும்பி வரும்.

ஆக, ஒற்றை நிறத் துணி எதுவாக இருந்தாலும் மயில் கழுத்துக்கு எல்லாக் கோணத்திலும் பொருந்தாது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் புடவையோடு நெய்து வரும் ரவிக்கைத் துண்டையே தைக்கச் சொல்வார்கள்.

நிஜ மயிலின் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறகின் மிக நுண்ணிய கிளைகளுக்குள் மெலனின் இருக்கிறது, நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே சரக்கு. அது மெல்லிய குச்சிகளாக, வரிசை பிசகாமல், ஏறக்குறைய 150 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறத்தை மட்டும் பலப்படுத்துகின்றன. இடைவெளி கொஞ்சம் கூடினால் நீலம் பச்சையாகும். 2003-இல் சீன இயற்பியலாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதை அளந்து காட்டினார்கள். ஆனால் 1665-லேயே ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் மயிலிறகைத் தண்ணீரில் நனைத்தால் நிறம் போய்விடுவதைப் பார்த்து, இது சாயத்தின் வேலையில்லை என்று சந்தேகப்பட்டிருக்கிறார். கையில் ஒரு நுண்ணோக்கியும் கொஞ்சம் தண்ணீரும்தான் அவருக்கு இருந்தன. நம் நெசவாளிக்கு நானோமீட்டர் அடுக்கு இல்லை, இரண்டு நிற நூல் இருக்கிறது. அதை வைத்தே திரும்பத் திரும்ப நிறம் மாறுகிற அந்தக் குணத்தைப் பிடித்துவிட்டார்.

போன் படத்தை நம்பவே வேண்டாம். வெயிலிலும் எல்இடியிலும் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியும்படி நம் மூளை விளக்கின் நிறத்தைக் கழித்துவிடுகிறது. போனும் அதையே செய்யப் பார்க்கிறது. ஆனால் படம் முழுக்க நீலப்பச்சையாக இருந்தால் விளக்குதான் நீலப்பச்சை என்று நினைத்து அதைக் கழித்துவிடும். மூளையும் தப்புக் கணக்குப் போடும். 2015 பிப்ரவரியில் ஒரு கவுனின் படத்தை வைத்துக்கொண்டு நீலம் கறுப்பு என்று ஒரு கூட்டமும் வெள்ளை தங்கம் என்று ஒரு கூட்டமும் உலகம் முழுக்க அடித்துக்கொண்டது நினைவிருக்கும். துணி நீலம் கறுப்புதான். படத்தில் விளக்கு எதுவென்று தெளிவாகத் தெரியாததால் ஆளுக்கு ஒரு விளக்கைக் கற்பனை செய்து கழித்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வேட்டிக்கும் ஒரு வார்த்தை. புது வெள்ளை வேட்டி வெயிலில் கண்ணைப் பறிக்கும், மண்டபத்துக்குள் சற்று மங்கும். சொட்டு நீலம் செய்வது துணியின் பழுப்பை நீலத்தால் சமன் செய்வது, அதில் மொத்த ஒளி கொஞ்சம் குறையத்தான் செய்யும். மில்லில் போடும் வெண்மையூட்டி வேறு ரகம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். உண்மையிலேயே கூடுதல் வெளிச்சம். சாதாரண எல்இடியில் புற ஊதா இல்லை, எனவே அந்தக் கூடுதலும் இல்லை.

இனி என்ன செய்வது? அடுத்த முறை மேட்சிங் எடுக்கும்போது இரண்டையும் கடைவாசலுக்குக் கொண்டுவாருங்கள். நேர் வெயிலில் வேண்டாம், மினுக்கு மறைத்துவிடும். வாசல் நிழலில், வானத்து வெளிச்சத்தில், காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலுக்குள். ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டி வைத்து, ஒரே பக்கமாகச் சாய்த்து, ஒருமுறை திருப்பி வைத்துப் பாருங்கள். பிறகு உள்ளே வந்து விளக்கில் ஒருமுறை. இரண்டு இடத்திலும் ஒத்துப்போனால் எடுங்கள். "வெளிச்சத்துல பார்த்துட்டு வாங்கம்மா" என்று தானே சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் அந்தக் கடையை விடாதீர்கள்.

இப்போது வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது, வெட்டிய துணியை யாரும் வாங்க மாட்டார்கள். புடவையோடு ரவிக்கைத் துண்டு இருக்கிறதா என்று உள்மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் முந்திக்கு எதிர்க்கோடியில் இருக்கும். இருந்தால் அதைத் தையுங்கள். இல்லையென்றால் அக்காவிடம் முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபத்துக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். விடியற்காலை, உள்ளே, எல்இடி விளக்குக்குக் கீழே என்றால் பயப்படாமல் இந்த நீலத்தையே தைக்கக் கொடுங்கள். குத்துவிளக்குக்கு மிக அருகில் மட்டும் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம்.